தாளிக்காத வீடு

ஆமை முட்டையை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதன் வெள்ளைக்கரு கெட்டியாவதில்லை. மஞ்சள்கரு மட்டும் மாவாக வெந்துவிடும். அதைச் சுற்றி வெள்ளை, இளநுங்குத் தண்ணீரைப்போல அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு ஓடும் கிடையாது, நனைந்த காகிதம் போன்ற தோல்தான். ஒரு பக்கம் நகத்தால் கிள்ளி, இரண்டு கல் உப்பைப் போட்டு உறிஞ்ச வேண்டும். இப்போது எழுத வருகிற இந்த ஐந்து வாக்கியமும் அன்று என் வாயில் வரவில்லை. பழவேற்காடு ஏரியின் நடுவில், தோணியின் பின்முனையில் கழி ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். எதிரே மருந்துப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர், "எப்படிடா இருந்தது?" என்று கேட்டார். "நல்லாருந்திச்சி சாமி" என்றேன். "நல்லா இருந்ததுங்கறது ஒரு பதிலா? நான் இந்த ஜென்மத்துல அதைச் சாப்பிடப் போறதில்லை. நீ சொன்னாத்தான் உண்டு. வழவழன்னு இருந்ததா, மணல் மாதிரி இருந்ததா? கடல் வாசனை வந்ததா? யோசிச்சுச் சொல்லு" என்றார். அடுத்த தீவு வரும்வரை யோசித்தேன். கரை தட்டும்போது, "வெந்த பயத்தம்பருப்ப வாயில போட்டா இருக்குமே, அந்த மாதிரி சாமி" என்றேன். அவர் கண்ணை மூடி, அதைத் தானே மென்றுபார்ப்பதுபோல் தலையாட்டினார்.

அவர் சர்க்கார் அம்மைத் தடுப்பு ஊசிக்காரர். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் மடப்பள்ளியில் பெருமாளுக்கு அமுது சமைப்பவர்கள். இவர் மட்டும் பள்ளிக்கூடம் முடித்து, சுகாதார வேலைக்கு எழுதிப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வந்துவிட்டார். தீவுக்காரர்கள் அவரை ஊசி சாமி என்றார்கள். எனக்கு வெறும் சாமி. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான ஆள், நெற்றியில் மெல்லிய திருமண், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, செருப்பில்லாத கால்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் கழனி வேலைக்குப் போனவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, உப்பு ஏற்றுகிற தோணியில் கழி போட்டுக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. தீவுகளுக்குப் போக, ஏரியின் ஆழம் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று அவர் வந்து கேட்டபோது ஊரார் என்னைக் காட்டினார்கள். "இவன இட்டுக்கினு போங்க சாமி. வாயே தெறக்க மாட்டான். உங்களுக்கு ஒரு பேஜாரும் இருக்காது" என்றார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ அஞ்சு நாளும் நானே பேசிண்டு வரணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு சுற்று என்றால் ஐந்து நாள், ஆறு தீவு. சில தீவுகளில் தமிழ் பேசுவார்கள், வடக்கே போகப் போகத் தெலுங்கு. எல்லாம் மீன்பிடிக் குடிசைகள்தான். வேறு ஊசிக்காரர்கள் கரையில் பெட்டியைத் திறந்துவைத்து, வரிசையில் வா என்று அதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சாமி அப்படிச் செய்ததில்லை. கரையேறியதும் முதல் வீட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்பார். பெட்டி அதற்குப் பிறகுதான் திறக்கும். மீனும் முட்டையும் தொட மாட்டார். மற்றபடி அந்தத் தீவில் அந்த வீட்டில் எது உண்டோ அது.

உப்பு மண்ணில் உமரி என்று ஒரு கீரை முளைக்கும். கொழுத்த குச்சிகள்போல இருக்கும். அதை மூன்று தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினாலும் கரிக்கும், சமைக்கும்போது உப்பே போட மாட்டார்கள். அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வழியெல்லாம் பானைத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார். இன்னொரு தீவில் குளத்துச் சேற்றில் தோண்டிய கொட்டிக்கிழங்கை அவித்துக் கொடுத்தார்கள். தோலை உரித்தால் வெள்ளையாக, கொஞ்சம் சேற்று வாசனையோடு இருக்கும். "இது மடப்பள்ளிக்குத் தெரியாம போச்சே" என்று வருத்தப்பட்டார். ஒருமுறை ஒரு கிழவர், "பூரான் சாப்புடறீங்களா சாமி?" என்று கேட்டார். சாமி காலை மெல்ல மேலே இழுத்து மடித்துக்கொண்டு, "ஊர்றதையெல்லாம் நான் சாப்பிடறதில்லைப்பா" என்றார். அந்தக் குப்பமே சிரித்தது. கிழவர் முளைவிட்ட பனங்கொட்டை ஒன்றை வெட்டி, உள்ளேயிருந்த வெண்ணிறப் பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தார். அங்கே அதற்குப் பெயர் பூரான். பல் பட்டதும் இனிப்பாகத் தண்ணீர் விடும். சாமி ஆறு தின்றார்.

பதிலுக்கு அவரும் கொடுப்பார். அவர் வீட்டம்மா கட்டிக் கொடுக்கிற புளியோதரை இரண்டு நாள் கெடாது. அதைப் பிடி பிடியாகத் தீவில் பங்கு வைப்பார். அவர்களுக்கு அதுதான் விசித்திரமான பண்டம். ஒரு மீனவர் அதை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் போட்டுக்கீறீங்க, மீன மட்டும் மறந்துட்டீங்களே சாமி" என்று சொன்னார். "அடுத்த தடவை ஆத்துல சொல்லிடறேன்" என்றார் சாமி, முகம் மாறாமல்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் அவர் வீட்டு மனிதர் எங்கள் தெருவில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலே பேச்சாகும். இவர் மீன் சட்டிக்குப் பக்கத்துச் சட்டியில் வெந்த கீரையைச் சாப்பிட்டார். வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் அவரே சொன்னார். "நேரா கொல்லைப்பக்கம் போய் ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ளே நுழையறேன். அவளும் கேக்கறதில்லை, நானும் சொல்றதில்லை." தோணித்துறைக்காரர்கள் அவருக்குச் சாப்பாட்டுச் சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னாடா, உன் சாமி ஊசி குத்தப் போவுதா, விருந்து துன்னப் போவுதா?" என்று என்னைச் சீண்டுவார்கள். நான் சிரித்துவிட்டுக் கழியை எடுத்துக்கொள்வேன். அவர் கொஞ்சம் தீனிப் பிரியர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் சாப்பிட்டதையும் அவர் விடமாட்டார். திருக்கைக் குழம்பு, மட்டி, நண்டு, எதைத் தின்றாலும் தோணியில் ஏறியதும் கேள்வி வரும். எலும்பு எப்படி, சதை எப்படி, புளிப்பு தூக்கலா, காரம் தூக்கலா. கடைசியில் ஒன்று கேட்பார். "தாளிச்சிருந்தாளோ? கடுகு பல்லுல பட்டதா? எண்ணெய் மேல மிதந்ததா?" நான் நினைவுபடுத்திச் சொல்வேன். மடப்பள்ளிக் குடும்பம், அதனால் தாளிப்பில் கண் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்லத் தொடங்கியிருந்தேன். "இந்த ஊட்ல வெங்காயத்த கறுக்க விட்டுட்டாங்க சாமி" என்பேன். ஊரில் நான் பேசுவதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. தண்ணீருக்கு நடுவில் ஒருவர் கேட்கிறார் என்பதற்காகவே நான் கவனித்துச் சாப்பிடப் பழகினேன்.

ஒரு பங்குனி மாதம், வடக்கே தெலுங்கு பேசுகிற தீவு ஒன்றுக்குப் போனோம். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். அங்கே முக்கால்வாசிப் பேர் கையில் ஊசித் தழும்பு கிடையாது. இரண்டு தடவை போயும் ஒருவரும் கையை நீட்டியதில்லை. இந்தத் தடவை கடைசிக் குடிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களை உட்காரச் சொன்னாள். மீனவர் வீடு. அடுத்த வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவள் இருவருக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, உரித்த வெங்காயம் வைத்தாள். சாமி என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "கருவாடு வைக்கலையா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன்.

அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, தொட்டுக்க ரெண்டு சேப்பை வறுத்துப் போடேன். சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். சேப்பங்கிழங்கை அவர் வீட்டில் சுருக்கிச் சேப்பை என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் அந்தச் செடி பெரிய இலையோடு நின்றதை அவர் பார்த்திருந்தார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சேப்பலா? சாமி சேப்பலு திண்டாரா?" என்றாள். தெலுங்கில் சேப்ப என்றால் மீன். பெருமாள் கோயில் வீட்டுப் பிள்ளை மீன் வறுவல் கேட்கிறார், அதுவும் தின்று ரொம்ப நாள் ஆச்சு என்கிறார். நின்றிருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "பாவம், அவுங்க ஊட்ல பொஞ்சாதி போட மாட்டேன்றா போல" என்றாள் ஒருத்தி. கூழ் ஊற்றியவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில், "இன்னொரு தபா வாங்க சாமி, கொடுவா வறுத்துப் போடறேன். இப்ப எங்க ஊட்ல வாணலி ஏத்தக்கூடா" என்றவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அம்மை கண்ட வீட்டில் வாணலி ஏறாது, கடுகு வெடிக்காது, மீன் உள்ளே வராது. தாளிப்பின் சத்தமும் புகையும் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு ஆகாது, உடம்பில் முத்து பெருகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் வாசலில் வேப்பிலைகூடச் செருகவில்லை. ஆனால் வாணலி ஏற்றாமல் இருந்தார்கள். மூன்று சுற்றாகச் சாமி என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக என் நினைவுக்கு வந்தன.

சாமி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார். அவள் எழுந்து வாசலை மறித்து நின்றாள். உள்ளே ஒரு குழந்தை முனகியது. அவள் பயத்துக்குக் காரணம் பிறகு தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்னால் எங்கிருந்தோ வந்தவர்கள், அம்மை கண்ட அவள் தம்பியைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக்கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் புருஷன் ஏரியிலிருந்து ஈர உடம்போடு ஓடிவந்தான். பின்னால் ஏழெட்டு ஆண்கள். "கூழு ஊத்தின ஊட்லயே வேவு பாக்கறியா? சாமி சாமின்னு கும்புட்டோமே, அதுக்கு இதான் மரியாதியா?" என்று கேட்டான். அவன் கையில் துடுப்பு இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

சாமிக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. நான் கேட்டது கிழங்கு, நீங்கள்தான் மீன் என்று நினைத்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் போதும். பின்னால் நின்ற செடியைக் காட்டியிருக்கலாம். எல்லோரும் மறுபடி சிரித்துவிட்டு விலகியிருப்பார்கள். அது பொய்யும் அல்ல. அவர் அப்படிச் சொல்வார் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"ஆமாம்ப்பா. வேவுதான் பாத்தேன்" என்றார் சாமி. "நான் கேட்டது சேப்பங்கிழங்கு. ஆனா கிழங்குக்காகக் கேக்கலை. நீங்க வறுப்பீங்களா மாட்டீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன். எல்லாத் தீவுலயும் இப்படித்தான் பண்ணிண்டு வரேன். இந்த வீட்டுல சாப்பிடற யோக்கியதை எனக்குப் போயிடுத்து. உங்க பிள்ளையை யாரும் தூக்கிண்டு போக மாட்டா. நான் கரையில உக்காந்திருக்கேன். நீங்களா கூப்பிட்டா வரேன்."

துடுப்பு இறங்கியது. சாமி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். தோணி கட்டியிருந்த இடத்தில், ஒற்றைப் பனைமரத்து நிழலில் உட்கார்ந்தார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் வரவில்லை.

"பொன்னேரி ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடலாமா சாமி?" என்று கேட்டேன். "சொன்னா ஜீப் வரும், போலீஸ் வரும். இவா பிள்ளைகளைத் தூக்கிண்டு தோணி ஏறி நாலா பக்கமும் போயிடுவா. போற ஊருக்கெல்லாம் அம்மையும் போகும்" என்றார். பிறகு, "இன்னும் நாலு நாள் விட்டா இந்தத் தீவுல எத்தனை குழந்தைக்கு வருமோ தெரியலை. குத்தறதுன்னா இப்பவே குத்தணும். ஆனா பிடிச்சு இழுத்துக் குத்தற கை எனக்கு இல்லைடா" என்றார்.

நான் தோணியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றியே நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அப்போ எங்கிட்ட கேட்டதெல்லாம் இதுக்குத்தானா சாமி?" "பாதி இதுக்கு" என்றார். "மீன் சமைக்கற வீட்டுல எனக்கு நாக்கு இல்லை. உன் நாக்கைக் கடன் வாங்கினேன். உங்கிட்டச் சொல்லிட்டு வாங்கியிருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மீதிப் பாதி, ஆமை முட்டை எப்படி இருக்கும்னு எனக்கு வேற யாருடா சொல்லுவா?" எனக்குக் கோபம் போய்விட்டதா என்று அப்போது தெரியவில்லை. ஆனால் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினேன். கரைக்கு வந்தபின் அதைத் தவிர அவர் வேறு எதையும் அன்று வாயில் வைக்கவில்லை. டின்னில் மிச்சமிருந்த புளியோதரையை என்னைச் சாப்பிடச் சொன்னார்.

மறுநாள் உச்சிவேளையில் அந்தப் பெண் ஒரு மண்சட்டியோடு மணலில் நடந்து வந்தாள். அவள் புருஷன் தூரத்தில் நின்றான். சட்டியைச் சாமி முன்னால் வைத்தாள்.

"ஊட்ல அம்மா இருக்கச்சொல்ல வாசல்ல ஒருத்தரு பட்டினி கெடந்தா அவளுக்கு அடுக்குமா? என் பொண்ணுக்குத் தண்ணி ஊத்த வேணாவா? குடிங்க" என்றாள்.

"பட்டினி கெடந்து உன்னை மடக்கறேன்னு நெனச்சுக்காதேம்மா" என்றார் சாமி. "இதைக் குடிக்கறேன். ஊசி வேண்டாம்னு நீ சொன்னாலும் குடிக்கறேன்."

அவர் சட்டியைத் தூக்கி முழுவதையும் குடித்தார். உப்பு மட்டும் போட்ட, தாளிக்காத கூழ். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அவள் போகவில்லை. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அந்த ஊசி இன்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

"ஒரு முத்து வரும். கையில ஒரே ஒரு முத்து. அம்மா உடம்பெல்லாம் போடறதை ஒண்ணே ஒண்ணா வாங்கிண்டு அவளை அனுப்பிடலாம்."

"அவளுக்குக் கோவம் வராதா?"

"தெரியலைம்மா. எனக்கு அவகிட்டப் பேசிப் பழக்கமில்லை. எங்காத்துல எல்லாரும் பெருமாள்கிட்டத்தான் பேசுவா. ஆனா எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டு பேர் கையிலயும் நானே குத்தினேன்."

அவள் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முழங்கைக்கு மேல் ரவிக்கையை ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள். "மொதல்ல எனக்குப் போடு. அவ வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அந்த மருந்து பொடியாக இருக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் தீர்த்தாக வேண்டும். சாமி முதல் நாளிலிருந்து அதைக் கரைக்காமல் வைத்திருந்தார். அவள் கைக்குப் போட்டு முடித்ததும் அவளே போய் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டாள். முந்தின நாள் சிரித்த பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தத் தீவே கையை நீட்டிவிட்டது. கடைசியாக வந்தவன் அவள் புருஷன். சாமியின் முகத்தைப் பார்க்காமல், "சோத்துக் கையில குத்தாத. துடுப்புப் போடணும்" என்று மட்டும் சொல்லி இடது கையைக் காட்டினான்.

அதன் பிறகு அவள் சாமியை உள்ளே கூப்பிட்டாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். ஐந்து வயதுப் பெண் குழந்தை, வாழை இலைமேல் படுத்திருந்தது. முகம் முழுக்க முத்து. அதற்கு அவரிடம் மருந்து இல்லை, அந்த நோய்க்கு யாரிடமும் இருந்ததில்லை. அவர் தரையில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து ஏதோ கேட்டது. "இன்னா கேக்குது?" என்றேன் தாயிடம். "மீனு கேக்குது" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து அழுதாள்.

அடுத்த சுற்றில், இருபது நாள் போல் கழித்து அங்கே போனோம். வழியெல்லாம் சாமி ஒன்றும் பேசவில்லை. நான்தான் பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. தோணி கரையை நெருங்கும்போதே வறுக்கிற வாசனை வந்தது. கழியைத் தூக்கிப் பிடித்தபடி, "சாமி, வாணலி ஏறிடிச்சி" என்றேன். அவர் தோணி நிற்பதற்கு முன்பே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி நாலு நாள் ஆகியிருந்தது. குழந்தை முகமெல்லாம் வடுவோடு, எலும்பும் தோலுமாக, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தட்டை முழங்காலில் வைத்துக் காத்திருந்தது. அந்தத் தீவில் அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு மட்டும் கண்டு, இருவரும் பிழைத்திருந்தார்கள். தாய் கொடுவாத் துண்டங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சாமி அந்தப் புகைக்குள்ளேயே நின்றார். கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. "நல்ல வாசனைடா" என்றார் என்னிடம். மீனைப் பற்றி அவர் என்னைக் கேட்காமல் தானே சொன்னது அது ஒன்றுதான்.

அவருக்கும் ஒரு தட்டு வந்தது, சேப்பங்கிழங்கு வறுவல். பின்னால் இருந்த செடியைத் தோண்டியிருந்தார்கள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டதும் அந்தப் பெண் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே யார் ஊட்லயும் போய் சேப்ப வறு, கீர வேவவைன்னு நாடகம் ஆடாத சாமி. ஊட்ல அம்மா இருக்காளான்னு நேரா கேளு. சொல்றவங்க சொல்லட்டும். சொல்லாதவங்க தலையெழுத்து."

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "சரிம்மா" என்றார்.

இதெல்லாம் நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரியம்மை என்ற நோயே உலகத்தில் இல்லை என்று பிறகு ரேடியோவில் சொன்னார்கள். நான் எழுபதுகளின் கடைசியில் தோணியை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்தேன். கேண்டீனில் புதுவாயல் பக்கத்துப் பையன்கள் என் எதிரில் உட்கார்ந்து, சாம்பார் எப்படி என்று வேண்டுமென்றே கேட்பார்கள். பருப்பு குழையவில்லை, பெருங்காயம் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, "பெர்சு, நீ சோறு துன்றியா, பரீட்ச எழுதறியா?" என்று சிரிப்பார்கள். கூட்டத்தில் நான் பேசுகிற பேச்சு இன்றும் அவ்வளவுதான். அதையும் அவர்தான் எனக்குக் கொடுத்தார். அவர் திருவள்ளூரில் காலமானார் என்று மூன்று வருடத்துக்கு முன் கேள்விப்பட்டேன். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்த வீட்டில் என்னை யாரென்று சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். போயிருக்க வேண்டும். நாங்கள் சேர்ந்து போன அத்தனை சுற்றிலும் அவர் என்னென்ன சாப்பிட்டார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணுக்குச் சரி என்று சொன்னதை அவர் காப்பாற்றினார். கேட்ட எல்லோரும் உண்மை சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். பொய் சொன்ன வீடுகள் உண்டு. கூழை வாயில் வைத்ததும் அவருக்கு அது தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். இருவரும் ஒன்றும் பேசாமல் போய்க் கரையில் உட்காருவோம். சில இடத்தில் கூப்பிட்டார்கள், சில இடத்தில் கூப்பிடவில்லை. ஆனால் கொடுவா வறுத்த அன்று சாயங்காலம் அடுத்த தீவில் நடந்தது எனக்கு மறக்காது. கரையேறியதும் அவர் வழக்கமாக உட்காரும் நிழலில் உட்காரவில்லை. முதல் வீட்டு வாசலில், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியோடு நான் பின்னால் நின்றேன். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வெளியே வந்து, "உக்காருங்க சாமி, கெழங்கு கீது, தரட்டா?" என்றாள்.

"அப்புறம் சாப்பிடறேம்மா. முதல்ல ஒண்ணு கேக்கணும்" என்றார். "வீட்டுல அம்மா இருக்காளா?"

அவள் முகம் மாறியது. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

"நீ சொல்றதைப் பண்ணுவேன்."

காற்றில் ஓலைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு கையால் அந்தத் தட்டியை மெல்ல நகர்த்தி, எங்களுக்கு வழி விட்டாள்.